மண்ணெண்ணெய் அரிதான சாமானோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரின்ர மாணவர் பக்கத்தில ஆங்கிலச் சொல் பட்டியல் ஒண்டு போட்டிருந்தியள், அதில றெயர் (rare), ஸ்கெயர்ஸ் (scarce), அன்கொமன் (uncommon), யுனீக் (unique) நாலுக்கும் நேரே 'அரிதான' எண்ட ஒரே சொல்லுத்தான் கிடந்தது. நல்ல பக்கம்தான், வாராவாரம் வெட்டி ஒட்டி வைக்கிறனாங்கள், ஆனா இந்தமுறை என்ர பேத்தி 2022 பொருளாதார நெருக்கடியில பட்ட பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதேக்க மண்ணெண்ணெய் றெயரா இருந்தது எண்டு எழுதப்போய், ரீச்சர் சிவப்புப் பேனையால கீறிவிட, அவள் உங்கட பேப்பரைக் கொண்டுவந்து என்ர மடியில போட்டுட்டு "அம்மம்மா, இதில அப்பிடித்தானே கிடக்கு, ரீச்சருக்குத்தான் பிழை" எண்டு நிக்கிறாள். கனகாலம் ஆங்கிலம் படிப்பிச்ச எனக்குச் சும்மா இருக்கேலாமல் போட்டுது.

மண்ணெண்ணெய் அரிதான சாமானே? கப்பல் கப்பலா உலகம் முழுக்கப் போகுது. எங்களுக்குத் தேவையான அளவு வரேல்லை, அவ்வளவுதான். அதுதான் ஸ்கெயர்ஸ், எங்கட வாயில தட்டுப்பாடு. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தலுக்குள்ள துளி எண்ணெய் விட்டு விளக்குக் கொளுத்திப் படிச்ச ஆக்கள், சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தால உடுப்புத் தோய்ச்ச ஆக்கள் நாங்கள், அப்ப ஆராவது 'சவுக்காரம் அரிதாப் போச்சு' எண்டு சொன்னவையே? கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அப்பிடித்தான், ஆனி ஆடியில திருநெல்வேலிச் சந்தையில குவிஞ்சு கிடக்கும், சீசன் முடிய ஒரு பழத்துக்கு அலையோணும். மரம் அதேமரம்தான்.

றெயர் வேற. நெடுந்தீவில நிக்கிற பெருக்குமரத்தை (பாவோபாப்) பாருங்கோ, மன்னாரிலயும் நிக்குது, மற்றும்படி இலங்கையில அதைக் காண்றது அருமை, ஆனா அதுக்காக ஒருத்தரும் கானோட வரிசையில நிக்கேல்லை. தேவைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, எண்ணிக்கை குறைவு. அதே மரம் ஆபிரிக்காவில சாதாரணம், ஆக எந்த இடத்தில எண்டதும் பார்க்கோணும். இன்னொண்டு, றெயரில ஒரு மெச்சலும் இருக்கு, றெயர் ரலன்ற் எண்டா பாராட்டு, ஸ்கெயர்ஸ் எண்டு போட்டா ஆள் காணாது எண்ட குறைதான் வரும். எங்கட 'அருமை'யும் அப்பிடித்தானே, அருமையான சமையல் எண்டும் சொல்லுறம், ஆள் இந்தப்பக்கம் வாறது அருமை எண்டும் சொல்லுறம்.

இப்ப நியூஸில அடிபடுற றெயர் ஏர்த் கனிமங்களின்ர பேரை நம்பிப்போடாதேங்கோ, அதில ஒண்டான செரியம் பூமியின்ர மேலோட்டில கிட்டத்தட்டச் செம்பளவுக்கு இருக்கு, ஒரு இடத்தில குவிஞ்சு கிடக்காமல் பரவிக் கிடக்கிறதால பிரிச்செடுக்கிறதுதான் கரைச்சல்.

அன்கொமனைப் பற்றிப் பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை, 'அவ்வளவாக் காணாத' எண்டு போட்டாக் காணும். யுனீக்தான் எனக்கு மனசைக் குத்தினது. 1981 இல எங்கட யாழ்ப்பாண நூலகம் எரியேக்க 97,000 அளவில புத்தகங்களும் சுவடியளும் போனது எண்டு சொல்லுவினம், அதில றெயரா இருந்த புத்தகம் சிலதைத் தேடி அலைஞ்சு இன்னொரு பிரதி எடுக்கலாம், உலகத்திலயே ஒரு பிரதி மட்டும் இருந்த கையெழுத்துச் சுவடியை எங்க போய் எடுக்கிறது? அதுதான் யுனீக். ஒண்டே ஒண்டு. அதுக்கு முன்னால வெரி போடுறதும் பிழை, வெரி ஒண்டு எண்டு ஆரும் எண்ணுறேல்லையே.

பிறகு றெயர்லி, ஸ்கெயர்ஸ்லி. கனடாவில இருந்து வாற பிள்ளையள் தமிழ் றெயர்லி கதைக்குதுகள் எண்டா தெரிஞ்சும் எப்பவாவதுதான் கதைக்குதுகள், ஸ்கெயர்ஸ்லி எண்டா ரெண்டொரு சொல்லுக்கு மேல வராது. இதையும் ஒரே வரியில போட்டிடாதேங்கோ.

வாற ஞாயிறு திருத்தம் போட்டால் பெரிய எழுத்தில போடுங்கோ, பேத்தி அதை வெட்டிக்கொண்டுபோய் ரீச்சரிட்டக் காட்டுறன் எண்டு சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆங்கில ஆசிரியை ஒருத்தி,
கோண்டாவில்.