தண்ணியில நிக்காதே, கண்ணு

ஊத்தங்கரை

கண்ணுவுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ ரெண்டு வார்த்தையில போனை வெச்சிடறேன்னு அம்மாவுக்குத்தான் குறை. வேலை இருக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

வெள்ளச் செய்தியில இடுப்பளவு தண்ணியில நின்னு பேசினியே, பார்த்தோம். ஓடுற தண்ணி முழங்காலுக்கு வந்தாலே ஆளைச் சாய்ச்சுடும். 2024 டிசம்பர்ல நம்ம ஊர்ல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டினப்போ, நிறுத்தியிருந்த வேனையே உருட்டிக்கிட்டுப் போச்சு. 20 செ.மீ. தாண்டினாலே ரெட் அலர்ட்டு. கலங்கின தண்ணியில மூடி இல்லாத சாக்கடையும் தெரியாது, அறுந்த கரண்டுக் கம்பியும் தெரியாது. மேட்டுல நின்னு பேசு.

அப்புறம், கன அடியை மட்டும் சொல்லிட்டு விட்டுடாதே. அப்போ சாத்தனூர் அணையில 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க. ஒரு கன அடின்னா விநாடிக்கு 28 லிட்டர். கரையோரத்துல இருக்கறவனுக்கு அது எதுக்கு? எங்க தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு வரும், மாட்டை எங்க கட்டறது, இதைத்தான் கேப்பான். எந்தக் கோயில் படி வரைக்கும் ஏறும்னு சொல்லு. ஜனங்க வாட்ஸப்புல பேசி அனுப்பற கேள்விக்கு நீயும் பேசியே பதில் அனுப்பறேன்னு சொன்னே பாரு, அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டா.

தண்ணி வடிஞ்சதும் கிளம்பிடாதே. பத்தாம் நாள் திரும்பப் போ. வி.ஏ.ஓ. எடுத்த சேதக் கணக்குல யார் பேரு விட்டுப்போச்சுன்னு அப்பத்தான் தெரியும். செத்த ஆடுமாட்டைப் புதைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கணும், கால்நடை டாக்டர் சான்று வாங்கணும்னு முதல் நாளே சொல்லிடு.

இதை ஏன் சொல்றேன்னா, ஜனங்ககிட்ட நான் சொல்லல. அணையில மட்டம் படிச்சு மேல சொல்லிட்டா என் வேலை முடிஞ்சதுன்னு இருந்தேன். ஒரு ராத்திரி ஷட்டர் தூக்கினப்போ கீழ ஆத்துல ஆட்டுக்காரங்க பட்டி போட்டிருந்தாங்க. சங்கு ஊதினாங்க, காத்துல அவங்களுக்குக் கேக்கல. சைக்கிள் இருந்தது. நான் போகல. ஆடு அத்தனையும் போச்சு. சான்று இல்லாமப் புதைச்சிட்டு, நிவாரணமும் இல்லாம நின்னாங்க. உங்க அம்மாகிட்டகூட இதைச் சொன்னதில்லை.

நீ அங்க என்ன பார்த்தியோ, யாருக்கு என்ன ஆச்சோ. தூக்கம் வருதா? சுடுதண்ணி குடி. தண்ணியில நிக்காதே.

காலையில எட்டரைக்கு மழைமானி பார்த்துட்டுத் திண்ணையிலதான் இருப்பேன். போன் கையிலேயே இருக்கும்.

அப்பா