மகளிர் பிரிவுச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, தோட்டங்களிலிருந்தும் தாமான் எனும் குடியிருப்புகளிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நம் மகளிர் பிரிவு வழக்கம்போல் பொங்கல் விழா நடத்தியது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தது, தையல் வகுப்பும் நடந்தது. செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. என் அறிக்கையை இன்னொரு வேலைக்கு ஒதுக்குகிறேன். வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்காக இந்த ஆண்டு நாம் என்ன செய்தோம், எதில் தவறினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

சென்ற பொதுக்கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தபோது, "புருஷன் பெண்டாட்டி சண்டை, விடிஞ்சா சரியாப் போயிடும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் கோபப்படவில்லை. நானும் அதைக் கேட்டே வளர்ந்தவள்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் சட்டி உருள்வதும் பிள்ளை வீறிடுவதும் நம் வீட்டில் கேட்கும். அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். விடிந்தால், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் அந்த அக்கா துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டு நிற்பார். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் வீடு வந்தது. கேட்டும் கேட்காத மாதிரி இருப்பது மட்டும் இன்னும் போகவில்லை.

அதனால் இந்த ஆண்டு அடிபடுபவரிடம் பேசுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது என்று முடிவு செய்தோம். கோயில் மண்டபத்திலும் பள்ளி மண்டபத்திலும் கூட்டம் போட்டோம். சத்தம் கேட்டால் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. கதவைத் தட்டி "கொஞ்சம் சீனி இருக்குமா?" என்று கேளுங்கள், அல்லது 999க்கு அழையுங்கள் என்றோம். கதவைத் தட்டுவது பாதுகாப்பில்லை என்று தோன்றினால் நேராக 999தான். மறுநாள் அவர் தனியாக இருக்கும்போது "நான் இருக்கேன்" என்று சொன்னால் அதுவே பெரிய உதவி.

சட்டத்தைப் பற்றிப் பேசியபோதுதான் கேள்விகள் கொட்டின. நம் மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்குப் பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடின. நிறைவேறிய பிறகும் 1996 ஜூன் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஒரு கூட்டத்தில் வயதான பாட்டி ஒருவர் எழுந்து, "என் பேத்திக்குக் கோயில்ல தாலி கட்டுனதோட சரி, ரெஜிஸ்டர் பண்ணல. அவளுக்கு இந்தச் சட்டம் உண்டா?" என்று கேட்டார். உண்டு. சமயப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் பாதுகாக்கும். பாட்டி அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். கணவன் மனைவி என்று மட்டும் இல்லை, பெற்றோர், பிள்ளைகள், வீட்டில் உள்ள மற்ற குடும்பத்தினரும் இதில் அடக்கம். அடி மட்டுமல்ல, மனத்தை வதைப்பதும் வன்முறைதான் என்று 2012 திருத்தம் சொல்கிறது. 2018 ஜனவரி முதல் சமூகநல இலாகா அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் முதலில் இருக்க வேண்டும் என்பதில்லை. இது தெரியாமலேயே பலர் ஒதுங்கிவிட்டார்கள்.

ஒருவரைப் பற்றி, அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை ஒரு மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். மூடியைத் திறந்தால் மேலே அரிசி. அதற்குக் கீழே பிளாஸ்டிக் பையில் அவருடைய அடையாள அட்டை, இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம். "இதை உங்க வீட்டுல வச்சிருங்கக்கா. எப்ப தேவைப்படும்னு தெரியல" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். டின் ஐந்து வாரம் என் அலமாரியில் இருந்தது.

அதற்கு முன்பே ஒரு முறை தனியாகப் போலீசில் புகார் கொடுக்கப் போயிருக்கிறார். முகப்பில் இருந்தவர் "வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை நம் தொண்டர் ஒருவர் கூடப் போனார். அந்த அக்காவுக்கு மலாய் அதிகம் வராது. "டியா புக்குல் சாயா" என்று மட்டும் சொன்னார். அடித்தான் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நம் தொண்டர் தமிழில் நிதானமாகக் கேட்டார்: எதால் அடித்தான், எங்கே, பிள்ளைகள் பார்த்தார்களா? அப்புறம்தான் கழுத்தை நெரித்தது வெளியே வந்தது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் கழுத்தை நெரிப்பது உயிருக்கு ஆபத்தான அறிகுறி. அது ரிப்போர்ட்டிலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் பதிவிலும் ஏறியது. கூடப் போய் மொழிபெயர்ப்பதுதான் இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளிலேயே முக்கியமானது என்று நான் நினைக்கிறேன்.

அந்த அக்கா இடையில் ஒரு முறை கணவரிடம் திரும்பிப் போனார். நம்மில் சிலருக்கு மனசு விட்டுப்போனது. "இவ்வளவு செஞ்சும் போயிட்டாளே" என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சு இனி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரிந்து வரும் நேரம்தான் அடிபடும் பெண்ணுக்கு மிக ஆபத்தான நேரம். கையில் காசு, பிள்ளைகளுக்குப் பள்ளி, தங்க ஓர் இடம், எல்லாம் சேர்ந்தால்தான் கால் வெளியே வரும். இப்போது அவர் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். டின்னை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் அனைத்துலக நாள். அன்று தொடங்கி டிசம்பர் 10 வரையிலான பதினாறு நாளில் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை ஒட்டினோம். கோயில் நிர்வாகம் மறுக்காமல் இடம் கொடுத்தது, நன்றி. பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டலாம் என்று யோசனை சொன்னவர் நம் இளைய உறுப்பினர் ஒருவர். அங்கே நின்று படித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். சில இடத்தில் கிழித்துவிட்டார்கள், மறுபடி ஒட்டினோம்.

ஆண்களுக்கென்று போட்ட கூட்டம் சரியாக நடக்கவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள், அதில் மூவர் நம் செயலவையினர். "எல்லாம் சம்சு பண்ற வேலை" என்று ஒருவர் சொன்னார். குடி குடும்பத்தைக் கெடுக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு குடித்தாலும் இவர்கள் வேலை வாங்கும் மண்டோரை அடிப்பதில்லை, முதலாளியை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்துதான் கை ஓங்குகிறது. இதை ஓர் ஆண் எழுந்து ஆண்களிடம் சொன்னால் ஏறும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு அப்படிப் பேச மூன்று பேராவது முன்வர வேண்டும்.

இன்னொன்று. கோலகங்சார் சமூகநல இலாகாவுக்கும் நீதிமன்றத்துக்கும் உறுப்பினர்கள் சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில் போய் வருகிறார்கள். தோட்ட வேலையில் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளமும் போகிறது. இதற்கு ஒரு சிறு நிதி ஒதுக்கும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மலாயில் சரளமாகப் பேசும் பெண்கள் இரண்டு பேரும் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம்.

இவ்வறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்,
மகளிர் பிரிவு