பூவை உழுதுபோட்ட எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஆனேக்கல்,
செப்டம்பர் 2020

அன்புடையீர், வணக்கம்.

கர்நாடகத்தில், பெங்களூருக்குப் பக்கத்து ஆனேக்கல் வட்டத்தில் ஒரு ஏக்கரில் செவ்வந்தி பயிரிடும் குடும்பம் எங்களுடையது. கொரோனா நிவாரணப் பணம் எங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு உதவியவர்களை நேரில் பார்த்தபோதெல்லாம் முகக்கவசத்துக்குள்ளேயே பாதிப் பேச்சு நின்றுபோனதால், இந்த மடல்.

இந்த ஆண்டு யுகாதி மார்ச் 25. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். பண்டிகைக்கென்று நாள் கணக்குப் பார்த்து நட்ட பூ, சரியாக அந்த வாரம் பூத்து நின்றது. கோயில் நடை சாத்தியாயிற்று, கல்யாணங்கள் தள்ளிப்போயின, பெங்களூரு மார்க்கெட்டில் வாங்க ஆளில்லை. பறித்தால் கூலி நட்டம்; விட்டால் செடியிலேயே அழுகும். கடைசியில் பூவோடு சேர்த்து உழுதுபோட்டோம். ரோட்டாவேட்டர் போன தடமெல்லாம் மண் மஞ்சளாகக் கிடந்தது. டிராக்டர் ஓட்டிய தம்பி வாடகை வேண்டாம், டீசல் காசு போதும் என்றார். முதல் நன்றி அவருக்கு.

மே 6ஆம் தேதி முதலமைச்சர் எடியூரப்பா அறிவித்த 1,610 கோடி ரூபாய் நிவாரணத்தில் சலவைத் தொழிலாளர், முடி திருத்துபவர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோருடன் பூ விவசாயிகளும் இருந்தோம். மாநிலத்தில் 11,687 ஹெக்டேரில் பூ பாழானதாக அரசே கணக்குச் சொன்னது. அரிசி, காய்கறிக்காரர்களைத்தான் அரசு விவசாயியாகப் பார்க்கும் என்று நினைத்திருந்த எங்களுக்கு, பூவும் பயிர்தான் என்று ஏட்டில் ஏறியதே பெரிது. அரசுக்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் அறிவிப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. வெயிலில் வயலுக்கு வந்து, உழுத மண்ணில் ஒட்டிக்கிடந்த காய்ந்த காம்புகளைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனாரே தோட்டக்கலைத் துறை அம்மா, அந்த தூரத்தைக் கடக்க வைத்தவர் அவர்தான். கன்னடம் பேசுவோமே தவிர எழுதத் தடுமாறும் எங்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்தாள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். நிலம் யார் பெயரில் என்று சொல்லும் பதிவேடான பகணியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து மாறிய பெயர் என்று இருந்ததை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். நல்லா இரும்மா.

நிவாரணம் ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் என்றால் எங்கள் ஏக்கருக்கு ஏறக்குறைய 10,000. ஒரு அடி இடைவெளியில் செவ்வந்தி நட ஏக்கருக்கு 43,000 நாற்றுக்கு மேல் வேண்டும். நாற்று ஒரு ரூபாய் என்று வைத்தாலே கணக்கு எங்கே நிற்கும் என்று பூ விவசாயிகளுக்குத் தெரியும். குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பணம் உழவுக்கும் எருவுக்கும் ஆயிற்று, நிலம் தரிசாகக் கிடக்கவில்லை. நாற்று முழுவதையும் கடனாகக் கொடுத்தவர் நாற்றுப் பண்ணை அண்ணன். அவர் பண்ணையில் விற்காமல் முற்றிப்போன நாற்றுத் தட்டுகள் வரிசையாக அடுக்கிக் கிடந்ததைப் பார்த்தேன். தன் நட்டம் அப்படி இருக்கும்போது எங்களிடம் பிராமிசரி நோட்டு கூடக் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த நன்றி முழுமையாகாது. எங்கள் ஊரில் குத்தகைக்குக் கனகாம்பரம் வைத்திருந்த இரண்டு குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பகணியில் நிலத்துக்காரர் பெயர்தானே இருக்கும். தண்ணீர் பாய்ச்சியவர் யார் என்று ஊரில் கேட்டால் யாரும் சொல்வார்கள். அடுத்த முறை அதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

செடி இப்போது மொட்டு விட்டிருக்கிறது. ஆயுத பூசைக்குப் பூ வந்துவிடும். மேலே சொன்ன எல்லோர் வீட்டுக்கும் பூசைக்கு வேண்டிய பூ எங்கள் செலவில் வரும், மறுக்கக் கூடாது. மார்க்கெட்டுக்குப் போகும் முதல் மூட்டையின் காசு நாற்றுப் பண்ணை அண்ணனுக்கு.

இப்படிக்கு,
ஆனேக்கல் வட்டத்துச் செவ்வந்தி விவசாயி