வயிற்றுப் புழுவும் மலேரியாவும்

அன்புள்ள நண்பா,

குழந்தைகள் வார்டின் பொறுப்பு உன்னிடம் வந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு உன் கடைசிப் பத்திதான் காரணம். வயிறு நிறையப் புழுவோடு இருக்கும் குழந்தைக்கு மலேரியாவும் வந்தால், அந்தப் புழு குழந்தையைக் காப்பாற்றுமா, கவிழ்க்குமா என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் சொல்ல முடிந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

புழு நீண்ட காலம் தங்க வந்த ஜீவன். நாக்குப்பூச்சி என்ற உருண்டைப்புழு குடலில் ஓரிரு ஆண்டுகள் இருக்கும். ரத்த நாளத்தில் வாழும் சிஸ்டோசோமா என்ற புழு அதைவிடப் பல ஆண்டுகள். அத்தனை காலம் பிழைத்திருக்க, அவை உடம்பின் எதிர்ப்பைத் தணித்து வைக்கின்றன. எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும், அதே வேலையைச் செய்யும் இன்டர்லூகின்-10 என்ற சமிக்ஞைப் புரதமும் கூடுகின்றன. மீதி எதிர்ப்பு, புழுவை எதிர்க்கும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்), இயோசினோபில் என்ற வெள்ளணு ஆகியவற்றின் பக்கம் சாய்கிறது. மலேரியாவுக்கு வேண்டியது வேறு. ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று பெருகும்போது, எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்பெரான் காமா என்ற புரதம் சீக்கிரமாக, பலமாக எழ வேண்டும். எழுந்தது உரிய நேரத்தில் அடங்கவும் வேண்டும். அடங்காத அழற்சிக்கு, மூளையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் மூளை மலேரியாவில் பங்கு உண்டு. அப்படியென்றால், புழு உண்டாக்கும் தணிப்பு முதல் நாட்களில் கிருமிக்கு வழிவிடலாம்; அதே தணிப்பு பிறகு உயிரைக் காக்கவும் செய்யலாம். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

கள ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தாய்லாந்தில் நாக்குப்பூச்சி இருந்தவர்களிடம் மூளை மலேரியா குறைவாகக் காணப்பட்டது. செனகலில் அதே புழுவோடு கடுமையான மலேரியா சேர்ந்து வந்தது. மாலியில் சிறுநீர்ப்பாதை சிஸ்டோசோமா இருந்த 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு மலேரியாக் காய்ச்சல் தாமதமாகத்தான் வந்தது. எந்தப் புழு, எத்தனை புழு, குழந்தைக்கு என்ன வயது என்று கேட்காமல் "புழு" என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவு ஆய்வு. இரண்டு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை கொடுத்தார்கள். தணிந்து கிடந்த எதிர்ப்புச் செல்கள் மறுபடி சுறுசுறுப்பாயின. மலேரியாக் கிருமி முதல் ஆறு மாதத்தில் கூடுதலாகத் தென்பட்டது, பிறகு அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

இதைக் காட்டிப் புழு இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது, மலேரியா சிவப்பணுவை உடைக்கிறது. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் ரத்தசோகை எங்கே போய் நிற்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம், தடுப்பூசி பற்றி ஒன்று. காபோனில் ஒரு மலேரியாத் தடுப்பூசியைச் சோதித்தபோது, சாட்டைப்புழு என்ற குடல் புழு இருந்த குழந்தைகளிடம் ஆன்டிபாடி குறைவாகவே உருவானது. மலேரியா மிகுந்த ஊர்களில் புழுவும் மிகுதி. தடுப்பூசி போய்ச் சேர வேண்டியது அந்தக் குழந்தைகளிடம்தான். அவர்களுடைய வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதன் பலனை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை முடிவின் பக்கத்திலேயே மலப் பரிசோதனை முடிவையும் எழுதி வை. மாத்திரை கொடுத்த தேதியும் இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் நீ பார்த்ததை விரிவாக எழுது, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்