ஊர்த் தளத்துக்கு வருவது ஆர்?

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நல்லூரில் கொடியேறிவிட்டது. கோயில் வீதிப் பக்கம் வாகனம் கொண்டுபோக வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் யாழ்ப்பாணம் நிறைந்து கிடக்கிறது. இந்த முறையும் நீ வரவில்லை என்று உன் அக்கா என்னிடம்தான் கோபித்துக்கொண்டா.

எங்கள் சனசமூக நிலைய இணையத்தளத்தைப் பார்ப்பவர்களின் தொகை இப்படி ஏறிவிட்டதே என்று சந்தோசமாக எழுதியிருந்தாய். உன் சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லைத்தான், ஆனால் அதில் பெரும்பகுதி மனிசரே இல்லை, எல்லாம் பொட், அதாவது ஆளில்லாமல் தானாகவே தளம் தளமாகத் திரிகிற கணினி நிரல். தலைவர் அந்தத் தொகையை ஆண்டறிக்கையில் போட எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு இன்னும் நான் வாய் திறக்கவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். தளம் இருக்கிற கணினியின், அதுதான் சேர்வரின், வரவுப் பதிவேட்டை இறக்கிப் பார்த்தேன். மனிசன் ஒரு பக்கத்தைத் திறந்தால், அவனுடைய உலாவி அந்தப் பக்கத்தின் படங்கள், எழுத்துரு, இன்னும் என்னென்னவோ சின்னக் கோப்புகளையெல்லாம் சேர்த்துக் கேட்கும். பிறகு ஆள் கொஞ்ச நேரம் இருந்து வாசிப்பான். இவையோ எழுத்தை மட்டும் உருவிக்கொண்டு அடுத்த நொடியே அடுத்த பக்கத்துக்குப் பாய்கின்றன. பழைய விளையாட்டுப் போட்டி மலரில் இருக்கிற கணக்கறிக்கையைக்கூட விடவில்லை. அந்தக் கணக்கை அன்றைய பொருளாளரே ஒழுங்காக வாசித்திருக்க மாட்டார்!

எல்லாப் பொட்டும் கள்ளர் இல்லை. கூகிளின் பொட் வராவிட்டால் எங்கள் தளத்தைத் தேடி ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும். பெயர் உண்மையா என்று அது வருகிற இணைப்பின் இலக்க முகவரியை (ஐபி) திருப்பித் தேடிச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ‘இந்தப் பக்கத்துக்குள் வராதே’ என்று பொட்களுக்கு எழுதி வைக்கும் ரோபோட்ஸ் கோப்பு முறையை மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் 1994 இலேயே கொண்டுவந்தார். 2022 இல்தான் அது முறையான இணையத் தரநிலை ஆனது. ஆனால் அது வெறும் வேண்டுகோள், பூட்டு இல்லை. மரியாதை தெரிந்தது மதிக்கும். மற்றதெல்லாம் ‘நான் குரோம் உலாவி’ என்று பொய்ப்பெயரோடு உள்ளே வந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவுக்காரர்களுக்கு எழுத்து வேண்டுமாம், அதனால் பெரிய தளம் சின்னத் தளம் என்று பார்க்காமல் அள்ளுகிறார்கள். விக்கிப்பீடியாவை நடத்துகிற விக்கிமீடியாவே 2024 ஜனவரியிலிருந்து தங்கள் படங்களையும் காணொளிகளையும் இறக்கும் போக்குவரத்து 50 சதவீதம் கூடிவிட்டது, காரணம் இந்தப் பொட்கள்தான் என்று சொன்னது. எங்கள் மாத வாடகைச் சேர்வர் எந்த மூலைக்கு?

செயலாளர் ஒரு யோசனை சொன்னார்: நடுச்சாமத்தில் வருவதையெல்லாம் மறித்துவிடலாமாம். இங்கே விடியப்புறம் 2 மணி என்றால் ரொறன்ரோவில் உனக்குப் பின்னேரம் நாலரை. எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள். முகவரியைப் பார்த்து மறிப்பதும் சிக்கல். போன் டேட்டாவில் வருகிற கன பேரை நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ஒன்றை மறித்தால் ஒரு ஊரே வெளியில் நிற்கும். போதாததற்கு, வீட்டு இணைப்புகளின் முகவரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருகிற பொட்களும் இருக்கின்றன.

அள்ளிக்கொண்டு போவதையாவது பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அஞ்சலிப் பகுதியில் நடந்தது. ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ வரிகளுக்கு நடுவில் சூதாட்ட விளம்பரம். செத்தவரின் மகள் சுவிஸிலிருந்து எடுத்து அழாக்குறையாகக் கதைத்தா. அதற்குப் பிறகுதான் குழுவில் எல்லாரும் ‘கப்ச்சா போடு’ என்று நிற்கிறார்கள். அதுதான், ‘நான் ரோபோ இல்லை’ என்று டிக் போடச் சொல்லி, பிறகு படங்களையும் தெரிவுசெய்யச் சொல்லுமே, அது.

நான் மாட்டேன் என்று நிற்கிறேன். எங்கள் அஞ்சலிப் பகுதியில் எழுதுகிறவர்கள் ஆர்? எழுபது தாண்டிய மாமிமார், பெரியம்மாமார். அவர்களிடம் போய் ‘தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் உள்ள படங்களைத் தொடுங்கள்’ என்றால்? யாழ்ப்பாணத்துத் தெருவோரத்தில் அப்படியொன்று குந்திக்கொண்டிருந்ததை நீ எப்போதாவது கண்டாயா? எல்லாம் அமெரிக்கத் தெரு. கண் தெரியாதவர்களுக்கு ஒலிப் புதிர் இருக்கிறதுதான், அதுவும் இரைச்சலுக்குள் இங்கிலிசில்.

இத்தனை கரைச்சல் கொடுத்தும் பொட் நின்றுவிடுமா என்றால் அதுவும் இல்லை. 1997 இல் அல்ராவிஸ்ரா தேடுபொறி நெளிந்த எழுத்துகளைக் காட்டத் தொடங்கியபோது கணினிக்கு அது உண்மையிலேயே கஷ்டம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆனும் கூட்டாளிகளும் இந்தச் சோதனைக்கு முறையான வடிவமும் கப்ச்சா என்ற பெயரும் கொடுத்தார்கள். பிறகு அதன் அடுத்த வடிவமாக ரீகப்ச்சா வந்தது, 2009 இல் கூகிள் அதை வாங்கியது. பழைய அச்சுச் சொற்களையே புதிராகக் காட்டி, நாங்கள் தட்டிய சொற்களைக்கொண்டு நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் பழைய இதழ்களைக் கணினிக்குள் ஏற்றினார்கள். (கை அச்சுக் கோத்த எங்கள் பழைய மலர்களைக் கணினி வாசித்தால் இன்றைக்கும் பாதி பிழை. அதற்கும் இப்படி உலகமே சேர்ந்து தட்டினால் எவ்வளவு நல்லது.) 2024 இல் சூரிச்சில் உள்ள ஈரிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் படப் புதிர்களை 100 சதவீதம் தீர்க்கும் நிரலையே எழுதிக் காட்டிவிட்டார்கள். ஆக, பொட் பாஸ், பெரியம்மா பெயில்.

ஊரில் படலை திறக்கிற சத்தத்திலேயே வருவது ஆர் என்று உன் அம்மம்மா சொல்லிவிடுவா, ஞாபகமா? ஆளைக் கூப்பிட்டு ‘நீ ஆர்’ என்று விசாரிப்பதில்லை. நானும் அந்த வழிக்குத்தான் போகிறேன். அஞ்சலிப் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். பொட் கண்ட பெட்டியையெல்லாம் நிரப்பும், மனிசனுக்கு அது தெரியவே தெரியாது. அது நிரம்பி வந்தால் குப்பைக்குள் போகும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் நிரலைப் பாவிப்பவர்கள் தவறுதலாக நிரப்பாமல் இருக்க, அந்தப் பெட்டியை அதன் கண்ணிலும் படாமல் மறைத்தாயிற்று. படிவம் திறந்து ஓரிரு நொடிக்குள் அனுப்பப்பட்டால் அதையும் நிறுத்தி வைக்கும். மிச்சத்தை செயலாளர் ஒருக்கா வாசித்த பிறகுதான் தளத்தில் போடுவார். எங்களையே குறிவைத்து ஒருவன் எழுதிய பொட் வந்தால் இது தாங்காது. ஆனால் வருவதெல்லாம் ஊர் உலகத்துப் படிவங்களை நிரப்பித் திரிகிற மொத்த வியாபாரப் பொட். அதற்கு இவ்வளவும் காணும்.

ஒரு உதவி செய். வட்ஸ்அப்பில் வருகிற அனுதாபச் செய்தியைப் பிரதி பண்ணி அப்படியே ஒட்டுகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இருக்கிறது. அது சிலவேளை அந்த நொடிக் கணக்கில் மாட்டுப்படும். உன் அம்மாவின் போனில் அந்தப் படிவத்தின் பரீட்சைப் பக்கத்தைத் திறந்து, ஒருக்கா அவவையே தட்டச் சொல்லு, ஒருக்கா ஒட்டச் சொல்லு. அவ திணறினால் எந்த இடத்தில் என்று எழுது. சனிக்கிழமை குழுக் கூட்டம், அதற்கு முன்னம் தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புக் கூட்டாளி