காலனி கழிவுநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் குழுவின் வணக்கமுங்க.

காலனிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டும் சாக்கடை வேலைக்குத் திருப்பணி என்று பேர் வைத்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். கோயில் வேலை என்று வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனால் திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுக்கிற ஊர் இது. இந்த நோட்டோடு போனபோது "அதெல்லாம் பேரூராட்சி பாத்துக்குமுங்க" என்று பாதிக் கதவோடு பேசியவர்கள் உண்டு. அப்படியும் 62 வீட்டில் 58 வீடு பங்கு கொடுத்துவிட்டது. மீதி நாலு வீட்டுக் கழிவும் அதே தொட்டிக்குத்தான் வருகிறது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் நம்முடையது தினமும் சுமார் 27,000 லிட்டர். இத்தனை நாளும் அது பள்ளத்தில் இறங்கி நொய்யல் ஆற்றுக்குப் போனது. அதே நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது நாமும்தான் டீக்கடையில் நின்று நியாயம் பேசினோம்.

மோட்டார் இல்லாத முறையைத் தேர்ந்தெடுத்தோம். முதல் தொட்டியில் கசடு படியும். அடுத்தது தடுப்புச் சுவர் வைத்த அறைகள். தண்ணீர் ஒவ்வொன்றிலும் அடியில் நுழைந்து, அங்கே கிடக்கும் சேற்றின் ஊடாக மேலேறி அடுத்ததற்குப் போகும். அழுக்கைத் தின்பது அந்தச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள். பிறகு கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை, கடைசியில் குட்டை. படுகையில் தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியாது, அதனால் அங்கே கொசு முட்டையிட வழியில்லை. எல்லாமே சரிவில் ஓடுவதால் கரண்ட் பில் கிடையாது.

செலவு கூடியதற்குக் காரணம் பாறை. சுக்காங்கல்லைத் தாண்டி ஆறடியில் தட்டியது. கம்ப்ரசர் வைத்து உடைத்தோம். பில்கள் எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் எப்போதும் பார்க்கலாம். தொட்டியில் உயிர் பிடிக்கச் சாணிக் கரைசல் ஊற்றினோம். மூணு மாசம் நாற்றம் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இனிச் சொல்வது குழுவின் தவறு. சில வீடுகளில் மொட்டைமாடி மழைக்குழாயைக் கழிவுக்குழாயோடு சேர்த்திருப்பது தெரிந்தும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். பத்து வீட்டின் ஒரு நாள் கழிவுக்குச் சமம். ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. விடிந்து போய்ப் பார்த்தால் அறைகளில் வளர்த்த சேறு முழுக்க ஜல்லி மேல் கருப்பாகப் படிந்து கிடந்தது, கல்வாழைத் தண்டுகளில் முழங்கால் உயரத்துக்குக் கறை. படுகையின் முன்பகுதி ஜல்லியை அள்ளிக் கழுவித் திரும்பப் போட ஒன்பது நாள் ஆனது. சாணியும் மறுபடி முதலிலிருந்து.

தை கடைசியில் குட்டைத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார்கள், அதுதான் பி.ஓ.டி. நம்மைப் போன்ற ஊர்களுக்கு 2017-இல் மத்திய அரசு வைத்த வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். வரம்புக்குள் வந்துவிட்டோம், ஆனால் மயிரிழையில்தான். அந்தத் தண்ணீர் இப்போது குட்டையை ஒட்டிய தென்னைக்குப் போகிறது.

கசடை இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். அடைப்பு என்றால் குழுவுக்குச் சொல்லுங்கள். யாரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்குவது 2013-ஆம் வருசச் சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் நாம் இறக்க மாட்டோம். பாத்ரூம் ஆசிட்டைக் குறையுங்கள், அது தொட்டியில் உள்ள உயிரைக் கொல்லும்.

மழைக்குழாய் பிரிக்காத வீடு இன்னும் ஏழு. ஆடிக்குள் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏழில் ஒன்று நம் செயலாளர் வீடு. கல்வாழை அடர்ந்துவிட்டதால் வரும் ஞாயிறு காலை கிழங்கு பிரிக்கிறோம். வேண்டுபவர்கள் சாக்கும் மண்வெட்டியும் கொண்டு வாருங்கள்.