கண்ணாடிப் பெட்டிக்குள் வுட்டி

அன்புள்ள அருணுக்கு,

அப்பா எழுதுவது. ஜூன் மாதம் அந்தப் பொம்மைகள் படம், டாய் ஸ்டோரி, ஐந்தாம் பாகம் வருகிறதாம், நிலாவைக் கூட்டிப்போக மாட்டேன், போதும் போதும் என்றாகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் பொரிந்தாய். நான் ‘சரி’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச்சு ஓடாது, உனக்குத் தெரியும். கோபத்தில் நானும் உன் கட்சிதான். காரணம்தான் கொஞ்சம் வேறு.

1995-இல் வந்த படம் நம் வீட்டுக்கு வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று. உனக்கு அப்போது ஆறு வயது. நாளுக்குப் பத்து ரூபாய் வாடகைக்கு எடுத்து வந்த சிடி. பஸ், பஸ் என்று நீ கத்தியதைக் கேட்டுப் பாட்டி, ‘எந்த பஸ்ஸு, பெரியார் ஸ்டாண்டுக்கா?’ என்றாள். முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் முழுநீளப் படம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது அந்த சிடியின் கீறல்தான். தன்னை நிஜ விண்வெளி வீரன் என்று நம்பியிருந்த பஸ் லைட்இயர், தான் வெறும் பொம்மை என்று டிவி விளம்பரத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டதும், அதை நம்ப முடியாமல் மாடிப்படிக் கைப்பிடியில் ஏறி ஜன்னலை நோக்கிப் பாய்வான். சரியாக அந்த இடத்தில் படம் நின்றுவிடும். பஸ் அந்தரத்தில் தொங்குவான். நான் சிடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துப் போட்டால் கொஞ்சம் தள்ளிப் போய் ஓடும். அதனால் அவன் கீழே விழுந்ததை நீ பார்க்கவே இல்லை. பறந்துவிட்டான் என்றே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் ஒரு கை எங்கே என்று கேட்டபோது, பறந்த வேகத்தில் கழன்றுவிட்டது என்றேன். திருத்த மனசு வரவில்லை.

அந்தச் சித்திரையில் தமுக்கம் பொருட்காட்சியில் ஒரு பஸ் வாங்கித் தந்தேன். மூக்கு ஒரு பக்கம் கோணிய போலிச் சரக்கு. படத்தில் அந்தப் பொம்மைகளுக்குச் சொந்தக்காரப் பையன் ஆண்டி, அவற்றின் பாதத்தில் தன் பெயரை எழுதியதைப் பார்த்து நீயும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாய். ‘அரு’ வரைக்கும்தான் இடம் இருந்தது.

பணத்துக்காகத்தான் இத்தனை பாகம் என்று நீ திட்டினாய். அது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1999-இல் வந்த இரண்டாம் பாகத்தையும், முதல் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, நேரடியாக வீடியோவில் விற்கத்தான் தொடங்கினார்கள். பாதி முடிந்த படத்தைப் பார்த்தபோது செய்தவர்களுக்கே பிடிக்கவில்லை. கதையைத் திருப்பிப் போட்டு, ஒன்பது மாதத்துக்குள் கிட்டத்தட்டப் படம் முழுவதையும் புதிதாகச் செய்தார்கள். ராப்பகலாக வேலை பார்த்துப் பலருக்குக் கை மணிக்கட்டே போய்விட்டது. பணத்துக்காகத் தொடங்கியதுதான், ஆனால் அதில் ஒரு ரோஷம் இருந்தது.

அந்தப் படத்தின் நடுவில் ஒரு கேள்வி வருமே. ஆண்டியின் கௌபாய் பொம்மை வுட்டி பழைய அரும்பொருள் என்று தெரிந்ததும் அவனை ஜப்பானில் ஒரு மியூசியத்துக்கு விற்கப் பார்ப்பார்கள். அங்கே போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் காலாகாலத்துக்கும் அழியாமல் இருக்கலாம். ஆண்டியிடம் திரும்பினால், அவன் வளர்ந்து ஒருநாள் விட்டுவிடுவான். விடுவான் என்று தெரிந்தே வுட்டி ஆண்டியிடம் போவான். என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையும் அந்த இடம்தான். அழியாமல் இருக்க மாட்டேன் என்று அவன் 1999-லேயே சொல்லிவிட்டான். அவனைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது கம்பெனிக்காரர்கள்.

2010 உனக்கு நினைவிருக்கும். கவுன்சிலிங்குக்குச் சென்னை போய், கோயம்புத்தூரில் உனக்கு சீட் கிடைத்த மறுநாள் மூன்றாம் பாகம் பார்த்தோம். ஆண்டியும் காலேஜுக்குக் கிளம்புகிறான். முதல் படத்தில் ஆண்டிக்குக் குரல் கொடுத்த அதே பையன், ஜான் மோரிஸ், வளர்ந்து இதிலும் பேசியிருந்தான். தன் பொம்மைகளைப் போனி என்ற சின்னப் பெண்ணுக்குக் கொடுக்கிறான். பெட்டியின் அடியில் கிடந்த வுட்டியை அவள் எடுக்கப் போகும்போது ஆண்டி தன்னை அறியாமல் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்வான், பார்த்தாயா? நீ அங்கே அழுதாய். நான் அதற்கு முன்னாலேயே மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாட்டிய 3டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். காலியான அறைக்குள் வந்து அவன் அம்மா ஒரு நொடி பேச்சில்லாமல் நிற்பாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் படம் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து விடைகொடுத்துவிட்டது. அதனால்தான் உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரும்போது நான் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் தியேட்டரிலேயே பேசி முடித்தது மாதிரி இருந்தது.

ஒன்பது வருஷம் கழித்து நாலாவது வந்தது. பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று ஆண்டி போனியிடம் கேட்டுக் கொடுத்த வுட்டி, அலமாரிக்குள் தூசி படிந்து கிடக்கிறான். கடைசியில் அவளையும் விட்டுவிட்டு போ பீப் என்ற பீங்கான் பொம்மையோடு போய்விடுகிறான். படம் மோசமில்லை, அந்த பீங்கான் பொம்மை எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பிய ஆளைத் தெருமுனையில் திரும்பிப் பார்த்தால் ஒரு சங்கடம் வருமே, அது. 2022-இல் வந்த லைட்இயர் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆண்டி பஸ் பொம்மை கேட்டானாம். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

மூன்றும் நாலும் தலா நூறு கோடி டாலருக்கு மேல் வசூல் என்கிறார்கள். அதில் என் டிக்கெட்டும் உண்டு. உன்னிடம் சொல்லவில்லை, நாலாவதை நான் இரண்டு தடவை பார்த்தேன். உனக்கு அது பிள்ளைப்பருவம். எனக்கு அது முப்பத்தைந்து வயது, உன் அம்மா உள்ளே இட்லி ஊற்ற, நீ என் மடியில் உட்கார்ந்து ஓட்டிய சனிக்கிழமை. அது திரும்ப வரும் என்று யாராவது போஸ்டர் ஒட்டினால் நான் போய் நின்றுவிடுகிறேன். கோபம் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

உன் அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ‘கொலுவுக்கு வருஷம் ஒரு புது பொம்மை வாங்குகிறேனே, அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டீர்களா?’ என்கிறாள். பதில் தோன்றவில்லை. போன நவராத்திரிக்கு உன் கோண மூக்கு பஸ்ஸைக் கீழ்ப் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். செட்டியாரம்மா கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியதாயிற்று.

ஜூனில் நீங்கள் மூவரும் இங்கேதானே இருப்பீர்கள்? ஐந்தாவதில் குழந்தையின் கைக்கு டேப்லெட் வந்துவிடுகிறதாம், பொம்மைகள் திண்டாடுகின்றனவாம். நிலாவை உன் அம்மா கூட்டிப் போகிறேன் என்கிறாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் படத்தை நிலா உன் வீட்டு டிவியில் கீறல் இல்லாமல் பார்த்திருப்பாள். பஸ் விழுந்தபோது என்ன கேட்டாள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா